மகன் கட்டுகிற பணம்

"வெள்ளிக்கெழம ஒரு காரு சொல்லிரு அம்மிணி, பத்திரம் பண்ணப் போறோம்" என்று அம்மா போனில் சொன்னபோது நான் நைட்டித் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் கோணலாகப் போய்விட்டது. அடுக்கி வைத்து வெட்டிய துணி, அத்தனையும் பாழ்.

"என்ன பத்திரம்?"

"நெலத்தைத் தம்பி பேருக்கு எழுதிப்போடறேன். பாவம், மாசாமாசம் எனக்காகக் கட்டிக்கிட்டுக் கெடக்கறான். அவனுக்கு நான் வேற என்னத்தைச் செய்யறது?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு "சரிம்மா" என்றேன். போனை வைத்த பிறகு தையல் மெஷினில் இருந்த பெண்களைப் பார்த்துக் காரணமில்லாமல் கத்தினேன். அவர்களுக்குப் பழக்கம்தான். எனக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள் எங்கள் அம்மா பொன்னாயி. இலவச இல்லமல்ல. மாதம் பிறந்தால் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை ஒன்றரை வருடமாகக் கட்டுகிறவள் நான்தான். அயோத்தியாப்பட்டணத்தில் ஆறு மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிற கயல்விழி. என் தம்பி வேல்முருகன் இன்றுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை. ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை கட்டுவது அவன்தான். அப்படிச் சொன்னதும் நானேதான்.

அம்மாவைத் தெரியாதவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் வீட்டில் கை நனைக்கவே யோசிக்க வேண்டும், அவள் காசில் ஒரு கவளம் தின்றாலும் குடும்பத்துக்குக் கேவலம் என்பது எங்கள் வீட்டில் அப்பா காலத்துச் சட்டம். அப்பா போய்விட்டார், சட்டம் போகவில்லை. எனக்குக் கல்யாணமான இத்தனை வருடத்தில் அம்மா என் வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியதே கிடையாது. அந்த இரண்டு ராத்திரிக்கும் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போது அரிசி, துவரம்பருப்பு, கடலெண்ணெய், வரமிளகாய் என்று பை நிறையக் கட்டிக்கொண்டு வருவாள். தான் தின்னப்போவதைவிட அதிகமாகவே கொண்டுவருவாள். ஒருமுறை என் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டாமல், "ஏனுங்கத்தை, காப்பித்தூளை மறந்துட்டீங்களாட்ட இருக்குது" என்று கேலி செய்தார். அடுத்த தடவை காப்பித்தூளும் வந்தது. அவருக்குத்தான் முகம் செத்துப்போனது.

அப்படிப்பட்டவள், ஊர் வீட்டில் தனியாக இருந்தபோது, கொல்லைப்புறத்துக் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தாள். காலையில் விழுந்தவள் சாயங்காலம் பால்காரர் பச்சமுத்து வந்து பார்க்கிற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. இடுப்பு எலும்பில் ஆபரேஷன். இனிமேல் இவரைத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பி போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில். அவன் மனைவி நர்மதாவுக்கு ஈரோட்டில் டீச்சர் வேலை, இரண்டு பிள்ளைகள், மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் இல்லை. என் வீட்டுக்கு வா என்றேன். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அலைந்து திரிந்து இந்த இல்லத்தைப் பிடித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரு காசு?"

"வேற யாரு, தம்பிதான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயில் வந்து விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "எம்மவன் என்னைக் கைவுட மாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றாள். சேருவதற்குச் சம்மதமும் அப்போதுதான் வந்தது.

சேர்ந்த பிறகு ஆள் மாறிப்போனாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, காலையில் வெந்நீர், காலை நீட்டி மடக்கச் சொல்லித்தர ஒரு பெண். அறையில் கூட இருப்பது ராசிபுரத்து முத்தாயம்மாள், தறிக்காரக் குடும்பம். இரண்டு பேரும் சீரியல் பார்த்துவிட்டு அதில் வருகிற மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கன்னம் பூசினாற்போல் ஆகிவிட்டது. ஒருநாள் என்னிடம் ரகசியம்போலச் சொன்னாள்: "பொறந்ததுல இருந்து நான்தான் எல்லாத்தையும் சோத்துக்குக் கூப்புட்டிருக்கறேன் அம்மிணி. இங்க என்னையக் கூப்புடறாங்க. ரூமு வரைக்கும் வந்து கூப்புடறாங்க." அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மகன் புராணம்தான் தாங்க முடியவில்லை. முத்தாயம்மாளின் பிள்ளைகள் யார் கட்டுவது என்று மாதாமாதம் சண்டை போடுகிறவர்கள். அவரிடம் போய், "எம்மவனாட்ட ஒருத்தன் வேணுமுங்க. கண்காணாத ஊர்ல வெயில்ல வெந்துக்கிட்டு எனக்குக் கட்டறான்" என்பாள். இல்லத்து அலுவலகத்தில் இருக்கிற யாழினி என்ற பெண்ணுக்கு உண்மை தெரியும். அவள் என்னைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனால் அம்மா, "உனக்கெதுக்கு இந்தச் செலவு" என்று திட்டிவிட்டு, இல்லத்தில் கொடுத்த பிஸ்கட்டை எடுத்து என் பையில் போடுவாள். கணக்கு நேராகிவிட்டதாம்!

தம்பி இந்த ஒன்றரை வருடத்தில் இரண்டே முறை வந்தான். வந்தவன் கால்மணி நேரம்கூட உட்காரவில்லை. அதற்கும் அம்மாதான் சமாதானம் சொன்னாள்: "அவனுக்கு ஆயிரம் சோலி."

பத்திர விஷயம் காதில் விழுந்த அன்றே அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, வெக்கமா இல்லையா உனக்கு?"

"நானாக்கா கேட்டேன்? அம்மாதான் எழுதித் தாரேன்னுது."

"எதுக்கு எழுதித் தருதுன்னு தெரியுமல்ல?"

"நான் கட்டறேன்னு நானா சொன்னேன்? நீதான சொன்ன" என்றான். "வண்டி நின்னு எட்டு மாசமாச்சுக்கா. ஃபைனான்ஸ்காரன் ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கறான். அந்த நெலத்தைக் காட்டி பேங்குல கடன் வாங்குனாத்தான் வண்டி நகரும்."

நான் போனைக் கட் பண்ணினேன். திரும்பக் கூப்பிட்டுத் திட்டினேன். மறுபடி கட் பண்ணினேன். அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே தின்றேன். என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு உண்மையச் சொல்லிப்போடு. இல்லாட்டி வாய மூடிக்கிட்டு இரு. ரெண்டும் இல்லாம எங்க உசுர எடுக்காத" என்றார்.

அந்த நிலம் எனக்கு வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் சாமியார் இல்லை. அம்மா பேரில் அப்பா வாங்கிய மானாவாரிக் காடு. கடலை போட்டால் போட்ட காசு வருவதே பெரிது. குத்தகைக்கு விட்டால் வருகிற பணம் அம்மாவின் மாத்திரைக்குக்கூடக் காணாது. ஆனால் ரோட்டை ஒட்டி இருப்பதால் விலைக்கு நல்ல மதிப்பு. அதை விற்கிற பேச்சை எடுத்தாலே அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அப்படிப்பட்ட நிலம், செய்யாத காரியத்துக்குப் பரிசாக அவனுக்குப் போகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் உண்மையைச் சொன்னால் அம்மா அந்த இல்லத்தில் ஒரு வேளை நிற்க மாட்டாள். என் காசு என்று தெரிந்த நிமிடம் பெட்டியைக் கட்டுவாள். நேராக அந்த வீட்டுக்குப் போவாள், அந்தக் குளியலறைப் படிக்கு. அதை நினைத்தால் நிலம், மானம், கோபம் எல்லாம் ஒன்றுமில்லாமல் போகிறது. சொல்லக் கூடாது, செத்தாலும் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினேன். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டுகிற அறிவைக் கூட்டிக்கொண்டு அவன் காரில் போனேன். அம்மா எனக்கு முன்பே தயார். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். முத்தாயம்மாள் வழியனுப்ப வந்திருந்தார்.

"மத்தியானத்துக்குச் சேமியா பாயசமாம். சீக்கிரம் வந்துருங்க" என்றார் அவர்.

"எம் பங்கை எடுத்து வெச்சிருங்க" என்றாள் அம்மா.

கார் சேலத்தைத் தாண்டுவதற்குள் என்னால் நிலையாக உட்கார முடியவில்லை. கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். ஏசியைக் கூட்டச் சொன்னேன், குறைக்கச் சொன்னேன். அறிவு என்னைக் கண்ணாடியில் பார்த்தான். அம்மா எதையும் கவனிக்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லித் தம்பிக்குக் கைமுறுக்கு வாங்கினாள், தன் சுருக்குப்பையிலிருந்து காசு எடுத்து.

"அவனுக்குச் சின்னதுல இருந்தே இதுன்னா உசுரு."

"எனக்கும்தான் புடிக்கும்."

"உனக்கு உன்ர ஊட்டுக்காரர் வாங்கித் தருவாரு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "உனக்கும் ஒண்ணும் செய்யலைன்னு நெனைக்காத. தம்பிகிட்டச் சொல்லி நல்ல சீலையா ஒண்ணு எடுத்துத் தரச் சொல்றேன்" என்றாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்பறம் அம்மிணி, நீதான் சாட்சிக் கையெழுத்துப் போடோணும். அக்காளே சாட்சின்னா நாளைக்கு ஒருத்தன் ஒரு பேச்சுப் பேச முடியாது பாரு."

"போடறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மல்லசமுத்திரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர்களின் கடைகள் வரிசையாக இருந்தன. எங்களுக்கு எழுதுகிறவர் குமரகுரு, அப்பாவுக்கே எழுதிக்கொடுத்தவர். தம்பி ஏற்கெனவே வந்து நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் திக்கென்றது. தாடை ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. நான் அவனைத் திட்டுவதற்கு மனதுக்குள் சேர்த்து வைத்திருந்ததில் பாதி அங்கேயே கரைந்தது. அம்மா அவன் கையில் முறுக்குப் பொட்டலத்தை வைத்து, கன்னத்தைத் தடவினாள்.

"எளச்சுப்போயிட்டியே சாமி. எனக்குக் கட்டறேன்னு நீ வயித்தக் கட்டாத."

அவன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குமரகுரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை வாசிக்க ஆரம்பித்தார். சர்வே நம்பர், நான்கு எல்லை, வேலி ஓரத்து வேப்பமரம் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அந்த இடம் வந்தது.

"...என் மகனாகிய தாங்கள், எனது வயோதிக காலத்தில் என்னை நல்ல முறையில் பராமரித்து வருவதாலும், நான் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்துக்கான கட்டணம் முழுவதையும் தங்களது சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து செலுத்தி வருவதாலும், தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும்..."

"அதை நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள் அம்மா பெருமையாக. "பேரன் பேத்தி நாளைக்குப் படிச்சுப் பாக்கோணுமல்லங்க. எங்கப்பன் அவங்கம்மாளை எப்படிப் பாத்துக்கிட்டான்னு அதுகளுக்குத் தெரியோணும்."

எனக்குக் காது இரண்டும் சூடேறியது. வெளியே போய் நின்றேன். அங்கேயும் நிற்க முடியாமல் உள்ளே வந்தேன். குமரகுரு அம்மாவின் பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

"எல்லாஞ் செரிதானுங்கம்மா? வாசிச்சதுல ஏதும் மாத்தோணுமா?"

"ஒரு எழுத்து மாத்த வேண்டாமுங்க. வேணும்னா இந்தப் புள்ளையக் கேளுங்க, இதுதான் சாட்சி." அம்மா மை பூசிய விரலோடு என்னைக் காட்டினாள். "தம்பிதான் கட்டறானான்னு அக்காளையே கேட்டுப் பாருங்க."

குமரகுரு ஒரு மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்படிங்களா அம்மிணி?"

"இல்லீங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஒன்றரை வருடமாகப் போட்டு வைத்திருந்த பூட்டு. அதற்குப் பிறகு நான் பேசியதை நானே நிறுத்த முடியவில்லை. "அவன் ஒரு ரூபா கட்டல. நான்தான் கட்டறேன். ஒவ்வொரு மாசமும் நான்தான் கட்டறேன். மெஷின்ல உக்காந்து உக்காந்து எனக்கு முதுகு போச்சு. நீ எம் முன்னாலயே உக்காந்துக்கிட்டு அவனைக் கொண்டாடறே. எனக்குச் சீலை எடுத்துத் தரச் சொல்றியா? யாரு காசுல எடுப்பான் அவன்?" கடைக்கு வெளியே நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அம்மாவின் விரல் காகிதத்துக்கு மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"நெசமா கண்ணு?"

அவன் எழுந்து நின்றான். "ஆமாம்மா."

"நீ ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? ரெண்டு தடவ சொல்லிப்போடறதுன்னுதான் வந்தேன்." முறுக்குப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். "வந்து உக்காந்த ஒடனே எம்மவன், எம்மவன்னு பக்கத்து ரூமு வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டற. எனக்கு அங்க மூச்சு வுட முடியல. அதுக்குத்தான் நான் வர்றதே இல்ல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்ன பொய் அவளிடமிருந்து மகனைத் தூர நிறுத்தியிருக்கிறது என்பது அந்தக் கடையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் மேல் கோபப்படவும் முடியாமல், இரக்கப்படவும் மனதில்லாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன்.

அம்மா மைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். நல்ல சேலை. வாக்கரை இழுத்தாள்.

"அம்மிணி, காரை எடுக்கச் சொல்லு. ஊட்டுக்குப் போறேன்."

"எந்த வீட்டுக்கு?"

"என்ர ஊட்டுக்கு."

எதற்குப் பயந்தேனோ அதேதான். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

வழியெல்லாம் கெஞ்சினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பினவள்தான். வீட்டுச் சாவி அவள் சுருக்குப்பையிலேயே இருந்தது. இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் புழுக்கை நாற்றம். எலி நெல் மூட்டையைக் கிழித்துப் போட்டிருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ போ. உன்ர சோலியப் பாரு."

"யாரு உன்னையப் பாத்துக்கறது?"

"பச்சமுத்து வருவாப்ல."

"பால் ஊத்தறவர் உன்னைக் குளிக்க வெப்பாராம்மா?"

"பொண்ணு காசுல ஒண்ணரை வருசம் சோறு தின்னுருக்கறேன்" என்றாள், என்னிடம் இல்லை, சுவரிடம். "ஒரு வேளை ரெண்டு வேளை இல்ல. உங்கப்பன் இருந்தா தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "தின்னா என்ன இப்ப? நான் உன்ர வவுத்துல பொறக்கலியா? அவன் பொறந்த அதே வவுறுதான?" என்று கத்தினேன். விளக்குமாற்றை எடுத்து வீட்டைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். வாசலுக்குப் போனேன், வந்தேன். அறிவு காரில் உட்கார்ந்து ஒன்றும் காதில் விழாதவன்போல இருந்தான், நல்ல பையன். அவனை அனுப்பி மல்லசமுத்திரத்திலிருந்து இட்லி வாங்கிவரச் சொன்னேன். அம்மா பொட்டலத்தைத் தொடுவதற்கு முன் சுருக்குப்பையைப் பிரித்துப் பணத்தை நீட்டினாள். நான் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் பட்டினி கிடப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

வெயில் தாழ்ந்தது. தம்பியிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. அம்மா கட்டிலில் நெளிய ஆரம்பித்தாள். காலை மாற்றி மாற்றி வைத்தாள். முகம் சுருங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"கூட்டிட்டுப் போகட்டுமா?"

"நான் போயிக்குவேன்."

வாக்கரோடு மெல்ல மெல்லக் கொல்லைப்புறம் போனாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே இறங்க அந்த ஒரு படி. வாக்கர் அதில் இறங்காது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். கீழே வைக்கவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டாள். மறுபடி தூக்கினாள். அந்தக் கால் நடுங்கிய நடுக்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கூப்பிடமாட்டாள், கூப்பிடவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தேன். அப்போது அவள் திரும்பாமலேயே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். இறக்கி, உட்கார வைத்து, கழுவி, சேலையைச் சரி பண்ணி ஏற்றிக் கூட்டிவந்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். காரை விட்டு இறங்கிய பிறகு நான் உட்கார்ந்தது அப்போதுதான்.

"நெலம் தம்பிக்குத்தான்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அதுல மாத்தமில்ல. அவன் கஷ்டத்துல இருக்கறான். நான் போனா கொள்ளி வெக்கறவன் அவன்."

"குடு. நான் வேண்டாம்னனா?"

"கோவிச்சுக்காத. அந்த வரிய மட்டும் எடுத்துரச் சொல்லு. கட்டறான்னு எழுதினதை. பொய்யி வேண்டாம். எடுத்த பொறவு நீ வந்து சாட்சி போடு."

"அந்த எடத்துல என்ன எழுதறது?"

"ஒண்ணும் எழுத வேண்டாம். எம்மவன், குடுக்கறேன். அவ்வளவுதான்."

எரிச்சலில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. காசு கட்டியவள் சாட்சி, கட்டாதவனுக்குச் சொத்து! எந்த ஊர் நியாயம் இது? கேட்டால் பதில் சொல்வாள், அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்காது. கேட்காமல் விட்டேன்.

அம்மா சேலைத் தலைப்பில் இருந்த மைக்கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தெருவில் ஒரு லாரி போய் மறைந்தது.

"அம்மிணி."

"சொல்லு."

"அடுத்த மாசத்துக்கு..." என்று ஆரம்பித்து மறுபடி நின்றுபோனாள். தரையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் கைமாற்றுக் கேட்கப் போனவள்போலத் தொண்டையைச் செருமினாள். "அடுத்த மாசத்துக்கு எனக்குப் பணங் கட்டறயா?"

தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானே எழுந்துபோய் மொண்டு குடிக்கிறவள். அவளுக்குத் தெரிய வேண்டும், தெரிய வேண்டும் என்று ஒன்றரை வருடம் துடித்தேனே, தெரிந்து, அவள் இப்படிக் குனிந்து கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

"அதையெல்லாம் எங்கிட்டக் கேக்காதம்மா."

"கேக்கோணுமல்ல. கேக்காம எப்படி அங்க போயி உக்காந்து திங்கறது?"

அழுதேன். அழவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவளுக்குக் கையைக் கொடுத்தேன்.

"கட்டறேன்" என்றேன். "சாகற வரைக்கும் கட்டறேன். ஒருக்காக் கேட்டுட்டல்ல, அது போதும். மறுக்காக் கேட்டீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிப்போட்டேன்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.